தோட்டத்துச் சேட்டு

1

என் தம்பி சீலன் குடிக்கத் தொடங்கிவிட்டான் என்ற செய்தி எனக்கு மூன்று நாடுகளில் இருந்து வந்தது. முதலில் ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மா சொன்னார். அடுத்த கிழமை லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணை அழைத்து, காலநிலை பற்றியும் முழங்கால் நோ பற்றியும் கதைத்து, கடைசியில் அதையே சொன்னார். கடைசியில் எங்கள் ஊர் கோப்பாயில் இருந்தும் அது வந்து சேர்ந்தபோது எனக்குக் கோபப்படவும் தெம்பில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"பிள்ளை, சொல்லக் கூடாதுதான். ஆனா நீங்கள் மூத்த சகோதரம். உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை கோயில்லை பெரிய வெக்கமாப் போச்சு."

எங்களுடையது மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்து வந்த மெதடிஸ்த குடும்பம். அப்பா வழியில் யாரும் போத்தலைத் தொட்டதில்லை. தொட்டவர்கள் இருந்திருந்தால் அவர்களைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை. சீலன் ஆசிரியத் தொழிலுக்குப் போகாமல் அப்பாவின் தோட்டக் காணியைப் பொறுப்பெடுத்தவன். வெங்காயம், மிளகாய், கோவா என்று மாறி மாறிச் செய்வான். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவனும் அவன்தான். நல்ல கம்பீரமான குரல். அந்த ஞாயிறு அவன் எழுந்து போய் நின்றிருக்கிறான். எழுத்துகளில் கண் நிற்கவில்லை. ஒரே வரியைத் திரும்பவும் திரும்பவும் வாசித்தான். வாயின் ஓரத்தால் எச்சில் வடிந்தது. சபைப் போதகரான ஐயர் வந்து தோளைப் பிடித்து இருத்திவிட்டு மிச்சத்தைத் தானே வாசித்தார்.

நான் சீலனை அழைத்தேன்.

"ஒண்டுமில்லை அக்கா. களைப்பு."

"மலர் எங்கை?"

"தாயைப் பாக்க நெல்லியடிக்குப் போட்டா."

"எப்ப வருவா?"

"அதை அவவைத்தான் கேக்கோணும்."

அவனுக்கும் மனைவி மலருக்கும் பிள்ளைகள் இல்லை. மலர் போனால் அந்த வீட்டில் அவன் தனி.

2

நான் நோர்வேயின் பேர்கன் நகரில் இருக்கிறேன். இங்கே மழை பெய்யாத நாளை மக்கள் படம் பிடித்து வைப்பார்கள். கணவர் பஸ் ஓட்டுகிறார். மகள் லேயா ஒஸ்லோவில் படிக்கிறாள். நான் ஒரு சிறிய நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் உதவியாளர். விஞ்ஞானி என்று ஊரில் சிலர் சொல்வதைப் பல தடவை திருத்தியிருக்கிறேன். இப்போது விட்டுவிட்டேன்.

நாங்கள் செய்வது விரல் நீளமான மெல்லிய பட்டிகள். அதில் கரி மையால் அச்சடித்த மின்வாய் இருக்கும். அதன் நுனியில் ஒரு துளி நொதியத்தை விட்டுக் காயவைப்பது என் வேலை. நொதியம் உயிருள்ள உடல்களில் வேலை செய்யும் பொருள். ஒவ்வொரு நொதியமும் ஒரு வேலையை மட்டும் செய்யும். அந்த வேலை நடக்கும்போது மின்வாயில் சிறு மின்னோட்டம் வரும். அதைக் கைத்தொலைபேசி அளவுள்ள கருவி அளந்து கோடாகக் காட்டும்.

எங்களிடம் இரண்டு வகைப் பட்டிகள் உண்டு. ஒன்று ஒட்சிசனுக்கானது. கடலில் கூடு கட்டி மீன் வளர்ப்பவர்கள் வாங்குவார்கள். அதில் உள்ள நொதியம் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனைப் பிடித்து வேலை செய்யும். ஒட்சிசன் குறைந்தால் மின்னோட்டமும் குறையும். மீன் மூச்சு முட்ட முன்னரே கரையில் மணி அடிக்கும். மற்றது நஞ்சுக்கானது. அதில் உள்ள நொதியம் மின்விலாங்கு என்ற மீனில் இருந்து எடுத்தது. அதே நொதியம் எங்கள் நரம்புகளிலும் இருக்கிறது. நரம்பு தசைக்கு ஒரு கட்டளை கொடுத்ததும் அந்தக் கட்டளையைத் துடைத்து அழிப்பது அதன் வேலை. சில பூச்சிக்கொல்லிகள் அதைப் பிடித்து முடக்கிவிடும். பட்டி அப்படிப்பட்ட தண்ணீரில் பட்டால் கோடு கீழே இறங்கும்.

நோர்வேக்கு வந்த புதிதில் மொழி வகுப்புக்குப் போனோம். ஆசிரியை என்னைப் பார்த்து, "நீ யிஃப்ட்டா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை நான் முதல்நாள் அகராதியில் பார்த்திருந்தேன். நஞ்சு என்று போட்டிருந்தது. பதறிப்போய் இல்லவே இல்லை என்றேன். பக்கத்துக் கதிரையில் என் கணவர் இருந்தார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. கலியாணம் முடித்தவர் என்பதற்கும் இவர்களிடம் அதே சொல்தான். அவர் மட்டும் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை என்னோடு கதைக்கவுமில்லை.

எங்கள் மொழி இன்னும் மோசம். தோட்டத்தில் அடிக்கிற நஞ்சுக்கு நாங்கள் வைத்த பெயர் மருந்து.

3

மலருக்கு அழைத்தேன். அவள் அழுகிற ஆள் அல்ல. சொல்லவேண்டியதை ஒழுங்காகச் சொன்னாள்.

"தோட்டத்தாலை தள்ளாடிக்கொண்டு வருவார், மச்சாள். உடம்பெல்லாம் வேர்வை, ஊத்தினமாதிரி. வந்த உடனை சத்தி எடுப்பார். பேந்து படுத்திடுவார். கேட்டா வாயைத் திறக்கமாட்டார். அடுத்த நாள் எழும்பி ஒண்டும் நடக்காத மாதிரித் தேத்தண்ணி கேப்பார்."

"நீ போத்தல் கண்டனியோ?"

"இல்லை. வெளியிலைதான் குடிக்கிறார் போலை."

"மணம்?"

"மருந்து மணந்தான் வரும். அதுக்கு மேலாலை வேறை மணம் ஒண்டும் தெரியாது."

"ஒவ்வொரு நாளுமோ?"

"இல்லை. மருந்து அடிக்கிற நாளையிலை. அண்டைக்குத்தான் தோட்டத்திலை நிண்டு பிந்தி வாறவர். அப்பதான் ஆரோடையும் சேர்ந்து குடிக்கிறார் எண்டு நினைக்கிறன். அந்த ஞாயிறும் விடியவே அடிச்சுப்போட்டுத்தான் கோயிலுக்கு வந்தவர்."

அடுத்த நாள் காலை, ஆய்வுகூடத்தில் பட்டிகளுக்குத் துளி விட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னது எனக்கு வேறு விதமாகக் கேட்டது. வேர்வை, எச்சில், வாந்தி, கண் மங்கல். நாங்கள் நஞ்சுக் கரைசலைத் தொடுமுன் வருடாவருடம் ஒரு பாதுகாப்பு வகுப்புக்குப் போகவேண்டும். இந்த நான்கும் அந்த வகுப்பில் வரிசையாகச் சொல்லித் தருபவை. நான் பல வருடங்களாகத் தூங்கி வழிந்துகொண்டு கேட்டவை.

மருந்து அடித்த ஒரு நாளாகப் பார்த்துச் சீலனை வீடியோவில் அழைத்தேன். அவன் உள்ளறையில் இருந்தான். வெளிச்சம் போதாது.

"போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடி."

"ஏனக்கா?"

"பிடி எண்டால் பிடி."

அரை இருட்டில் கண்மணி விரிந்திருக்க வேண்டும். அவனுடையது கடுகு மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. நான் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"அப்பான்ரை காலத்திலை இருந்து அடிக்கிறம். உது பழகின உடம்பு. நீங்கள் உங்கை இருந்துகொண்டு போனிலை வைத்தியம் பாக்காதேங்கோ."

இணைப்பு அறுந்ததா, அறுத்தானா தெரியவில்லை. அம்மா இறந்த ஒரு வருட நினைவு ஆராதனை வந்துகொண்டிருந்தது. போவதாக இருக்கவில்லை; விடுமுறை இல்லை என்று சொல்லியிருந்தேன். அன்றிரவே கணவரிடம் போகிறேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. லேயாவிடம் கேட்டேன், வருகிறாயா என்று. பரீட்சை என்று நோர்வே மொழியில் எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன இதயம் போட்டு அனுப்பினாள்.

4

காலாவதிக்குக் கிட்ட வந்த நஞ்சுப் பட்டிகளை எறியத்தான் போகிறோம், ஒரு பெட்டி தரலாமா என்று எங்கள் பிரிவுத் தலைவியிடம் கேட்டேன். தரலாம் என்றார், ஆனால் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று நான் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்டேன். பிறகு, பட்டிகளை வைத்துக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில் விலங்கில் இருந்து எடுத்த பொருள் இருப்பதால் ஏற்றுமதி பற்றி விசாரிக்கச் சொன்னார்கள். ஒரு அலுவலகம் இன்னொன்றின் இலக்கத்தைத் தந்தது. அந்த இலக்கத்தில் ஒரு பெண், விலாங்கு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார்.

என் சொந்த ஊருக்குப் போக இணையத்தில் விசா எடுத்தேன். ஒவ்வொரு முறையும் எடுப்பதுதான். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் சுற்றுலா என்றுதான் அழுத்துகிறேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இது என்ன என்றார் சுங்க அதிகாரி. தண்ணீர் சோதிக்கிற பட்டி என்றேன். மருத்துவப் பொருளா? இல்லை. அப்போ இரசாயனமா? அதுவும் சரியாக இல்லை. அவருக்கும் களைப்பு, எனக்கும் களைப்பு. இன்னொரு மேசைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, பெட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, கொண்டுபோங்கள் என்று கை காட்டியபோது ஐஸ் முழுக்க உருகியிருந்தது.

நொதியத்துக்குச் சூடு ஆகாது. சூட்டில் செத்த பட்டியும் நஞ்சு பட்ட பட்டியும் ஒரே மாதிரித்தான் கோட்டைக் கீழே இறக்கும். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எத்தனை பட்டிகள் மிஞ்சியிருக்கும் என்ற யோசனையே வழி முழுக்க.

5

நினைவு ஆராதனைக்கு மலர் நெல்லியடியில் இருந்து வந்தாள். சீலனுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் இருந்தது. வேதபாடத்தை வேறொருவர் வாசித்தார். சீலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் காலை வேளையோடு கிணற்றடியில் ஒரு மேசையைப் போட்டேன். மலரும் நின்றாள். நான் கெஞ்சி மறித்து வைத்திருந்தேன். முதலில் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில் பட்டிகளைச் சோதித்தேன். கோடு ஏறாதவை சூட்டில் செத்தவை, அவற்றை எறிந்தேன். பாதிக்கு மேல் அப்படிப் போயின. மிச்சத்தை நிழலில், ஈரத் துணியில் சுற்றிய பெட்டியில் வைத்தேன்.

என் பயம் கிணறுதான். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கீழே போகும். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பட்டியை வைத்தேன். கோடு ஏறி நின்றது. இறங்கவில்லை. வீட்டுக் கிணற்றிலும் அப்படியே. வேறு ஏதும் இருக்கலாம், இந்தப் பட்டி எல்லாவற்றையும் சொல்லாது. ஆனால் நான் தேடி வந்தது அதில் இல்லை.

"பாத்தியளே? தண்ணி நல்லா இருக்குது," என்றான் சீலன். அவன் முகத்தில் வெற்றி இல்லை. வேறு ஏதோ இருந்தது. நான் அப்போது அதைப் புரிந்துகொள்ளவில்லை.

"அப்ப குடிதான்," என்றாள் மலர், என்னைப் பார்த்து, மெதுவாக.

அப்போதுதான் கிணற்றடி மதிலில் கிடந்த சேட்டைக் கண்டேன். கை நீளமான நீலச் சேட்டு. முதுகுப் பக்கம் வெளிறி, விறைத்துப்போய்க் கிடந்தது.

"உது ஆற்றை சேட்டு?"

"அவற்றை தோட்டத்துச் சேட்டு. மருந்து அடிக்க உதைத்தான் போடுறவர். நான் இருக்கேக்கை மற்ற உடுப்போடை போட்டுத் தோய்ப்பன். இப்ப தோய்க்க ஆள் இல்லை."

"முதுகு ஏன் இப்பிடிக் கிடக்குது?"

சீலன்தான் பதில் சொன்னான். "மருந்து அடிக்கிற மெசின்ரை மூடி கொஞ்சம் ஒழுகும். முதுகிலைதானே காவுறது."

இரண்டு வாளியில் போத்தல் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றில் அவன் முதல்நாள் கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சேட்டை நனைத்தேன். மற்றதில், கையுறை போட்டுக்கொண்டு, நீலச் சேட்டை. கொஞ்ச நேரம் விட்டேன். வெள்ளைச் சேட்டின் தண்ணீரில் பட்டியை வைத்தேன். கோடு ஏறி நின்றது. அடுத்ததை நீலச் சேட்டின் தண்ணீரில் வைத்தேன். கோடு ஏறப் பார்த்தது, பிறகு இறங்கத் தொடங்கியது. இறங்கி அடியில் போய்ப் படுத்துவிட்டது. நம்பாமல் இன்னொன்றை வைத்தேன். அதுவும் அப்படியே.

நான் விளக்க வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. மலர் அந்தத் திரையையும் சேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இவர் குடிக்கேல்லையோ?"

"இல்லை. உந்தச் சேட்டுக்குள்ளாலை தோலுக்குள்ளை போயிருக்குது. நீயும் வெறுங்கையாலை தோய்ச்சிருக்கிறாய். உனக்கும் ஏதும் இருக்கும்."

"எனக்குத் தலையிடி. நான் இவராலை எண்டு நினைச்சன்," என்றாள். பிறகு அவனிடம் திரும்பினாள். "குடிக்கேல்லை எண்டு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை? நான் கேட்ட நேரமெல்லாம் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தனீங்கள்."

சீலன் கிணற்றுக் கட்டில் இருந்தான். சேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்பான்ரை வருத்தம் எண்டு நினைச்சன்."

எங்கள் அப்பா கடைசி வருடங்களில் கை நடுங்கி, வாயில் எச்சில் வடிந்து, கரண்டி பிடிக்க முடியாமல் இருந்து போனவர். அந்த வருடங்களில் நான் நோர்வேயில் இருந்தேன். அவருக்கு ஊட்டியவன் சீலன்.

"குடிகாரன் எண்டால் ஒரு நாளைக்கு நிப்பாட்டிப்போடுவான் எண்டு நினைப்பியள். அப்பான்ரை வருத்தம் எண்டால் நிப்பாட்டேலாது. மலர், நீ இன்னும் எத்தினை வரியத்துக்கு எனக்கு ஊட்டுறது? அதுதான் பேசாமல் இருந்திட்டன்."

மலர் உள்ளே போனாள். போய், குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். மூன்று கோப்பை எடுக்கும் சத்தம் கேட்டது.

6

பட்டி வைத்தியர் அல்ல. அதனால் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசை நீளம். இளம் பெண் வைத்தியர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். மருந்துப் போத்தலைக் கொண்டுவந்தீர்களா என்றார். சீலன் பையில் இருந்து எடுத்து வைத்தான். கடைக்காரர் வெளியில் வைக்காமல் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்த போத்தல், ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்திருந்தது. அவர் அதை மணந்து பார்க்காமல் தூரத்திலேயே வைத்துவிட்டு, இதை இனி வாங்க வேண்டாம் என்றார். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

முடிவு வரமுன் நான் திரும்பவேண்டியிருந்தது. போகும்போது மலர் வீட்டில்தான் நின்றாள். அவளுடைய பை நெல்லியடியில் இருந்து வந்திருந்தது.

முடிவை அவள்தான் அனுப்பினாள். சீலனுடைய இரத்தத்தில் அந்த நொதியம் இருக்கவேண்டிய அளவில் பாதியும் இல்லை. அவளுடையதும் குறைவு, ஆனால் அவ்வளவு இல்லை. உடம்பு அதைத் திரும்பச் செய்துகொள்ளும், மாதக்கணக்கில் எடுக்கும், அதுவரை மருந்துப் பக்கம் போகக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சீலன் கேட்டான். ஆச்சரியமாக இருந்தது, ஆனால் கேட்டான். நீலச் சேட்டைப் புதைத்தார்கள். ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் நானே அழைத்துச் சொன்னேன். சின்னம்மா, "நான் அப்பவே நம்பேல்லை," என்றார்.

7

லேயா டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வந்தாள். அவளும் நானும் கதைக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பதின்மூன்று வயதில் இனி வரமாட்டேன் என்று சொல்லி வாசலில் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கும் இழுக்கத் தெம்பிருக்கவில்லை.

சமைத்துக்கொண்டே மாமாவின் கதையைச் சொன்னேன். நொதியம், சேட்டு, ஆஸ்பத்திரி எல்லாம். அவள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்கிறாளோ என்று தெரியவில்லை. முடித்ததும் தலையை நிமிர்த்தினாள். சொற்களைத் தேடித் தேடிக் கேட்டாள்.

"அம்மா, மாமா இப்ப மருந்து அடிக்க மாட்டார். அப்ப, வெங்காயத்துக்கு யார் அடிக்கிறார்?"

நான் அடுப்பை நிறுத்தினேன்.

சீலனை அழைத்தேன். அவன் நல்ல உற்சாகமாகக் கதைத்தான். குரல் பழையபடி கம்பீரமாகியிருந்தது. மருந்து அடிக்கப் பாலன் என்று ஒருவனைப் பிடித்திருப்பதாகச் சொன்னான்.

"நல்ல உரமான பொடியன். வேலைக்குப் பஞ்சியில்லை."

"எந்த மெசின்?"

"எங்கடைதான்."

"அவனுக்குச் சொன்னனியோ?"

"என்னத்தை?"

மலரிடம் பாலனின் இலக்கத்தை வாங்கினேன். அடுத்த நாள் அழைத்தபோது ஒரு பெண் எடுத்தாள்.

"அவர் தோட்டத்துக்குப் போட்டார். நான் அவற்றை மனிசி. ஆர் கதைக்கிறது?"

"நான் சீலன்ரை அக்கா. நோர்வேயிலை இருந்து கதைக்கிறன்."

"சொல்லுங்கோ அக்கா."

பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"என்ன செய்துகொண்டு இருக்கிறியள், பிள்ளை?"

"உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு இருக்கிறன்."

"அவர் மருந்து அடிக்கப் போடுற உடுப்பும் அதுக்கை கிடக்குதோ?"

"ஓம். நேற்று அடிச்சவர். ஏன் அக்கா?"

"கையை எடுங்கோ. முழங்கை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டு வாங்கோ. நான் வைக்காமல் நிக்கிறன்."

அவள் கேள்வி கேட்கவில்லை. போய்க் கழுவிவிட்டு வந்தாள். நான் தொடக்கத்தில் இருந்து சொன்னேன். ஒழுகுகிற மூடி, முதுகு, தோல். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்கக் கூடாது. வேர்த்தால், எச்சில் வடிந்தால், கண் மங்கினால் வெயில் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. என் தம்பிக்கு என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"சீலன் அண்ணைக்கு உப்பிடி நடந்தது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றாள். பிறகு சொன்னாள்: "இவருக்கும் வயித்துக்குமட்டு. நான் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு நினைச்சன்."

"அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அடிக்கமாட்டன் எண்டு சொன்னால் வேலை போயிடும் அக்கா. இப்ப வேறை வேலையும் இல்லை."

எனக்கு வாயில் வந்தவை எல்லாம் நோர்வேச் சம்பளம் வாங்குகிற ஆள் சொல்லக்கூடிய பதில்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். லேயா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை.

சில நாள் கழித்துச் சீலன் அழைத்தான். நான் வேலையில் இருந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு நடைக்கூடத்துக்கு வந்து எடுத்தேன்.

"பாலனுக்கு என்ன சொன்னனீங்கள்? களை பிடுங்க வாறானாம், தண்ணி இறைக்க வாறானாம், மருந்து எண்டால் மெசினைத் தொடமாட்டானாம். வெங்காயத்திலை பச்சைப் புழு. இப்ப நானும் மலரும் அவனும் விடியக்காலமை இருந்து ஒவ்வொண்டாப் பொறுக்கிறம். பாதி போனமாதிரித்தான்."

"நான் அவன்ரை மனிசிக்குப் புதிசா ஒண்டும் சொல்லேல்லை, சீலன். உனக்குச் சொன்னதைத்தான் சொன்னனான்."

கோபமாகப் பதில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிறகு, வேதபாடம் வாசிக்கும் குரலில் அல்ல, சின்னவனாக இருந்த காலத்துக் குரலில் சொன்னான்.

"அவனுக்கும் சொல்லவேணும் எண்டு எனக்குத் தோன்றேல்லை அக்கா."

"எனக்கும்தான் தோன்றேல்லை," என்றேன். "லேயாதான் கேட்டவள். அப்ப இப்ப ஆர் அடிக்கிறது எண்டு."

"லேயாவோ? அவள் தமிழிலையோ கேட்டவள்?"

"ஓம்," என்றேன். "தமிழிலைதான்."